எல்லை தாண்டாத மதியச் சாப்பாடு

ஒரு நாட்டின் மானம் அதன் எல்லையில்தான் இருக்கிறது. எல்லையைக் காக்கத் தெரியாத தேசம் கதவில்லாத வீடு. அதற்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம், எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கொட்டலாம். சால்ட்மவுத் துறைமுகத்தில் அந்த மானத்தை மெர்வின் ஆட்டவே என்பவர் தினமும் காலையில் சாவி போட்டுத் திறந்து, சாயங்காலம் பூட்டி, சாவியை பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போவார்.

இடையில் ஒன்றும் நடக்காது.

கட்டடம் என்னவோ ராஜ கம்பீரம்தான். நம் நாடு ஐரோப்பியச் சந்தைக் கூட்டணியை விட்டு வெளியே வந்த கையோடு, கடல் கடந்து வருகிற இறைச்சி, சீஸ், செடி, குதிரை எதுவானாலும் இனி நாமே நிறுத்திச் சோதிப்போம் என்று லண்டனில் முடிவாயிற்று. சால்ட்மவுத் கவுன்சில் கடன் வாங்கிக் கட்டியது. லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்க வரிசையாக வாசல்கள். உள்ளே ஆளையே விறைக்க வைக்கும் குளிர் அறைகள். சீக்கு வந்த பன்றிக்கு ஒரு தனியறை. அந்தப் பன்றியைத் தொட்டவர் குளிப்பதற்கு வெந்நீரோடு இன்னொரு அறை. ஊரில் பாதி வீடுகளில் அப்படி வெந்நீர் வராது.

சோதனை தொடங்கும் தேதியையும் அறிவித்தார்கள். பிறகு தள்ளிவைத்தார்கள். வேறு தேதி சொன்னார்கள்; அதையும் தள்ளிவைத்தார்கள். சோதனை தொடங்கினால் வெண்ணெய் விலை ஏறும், வெண்ணெய் ஏறினால் ஜனங்களுக்குக் கோபம் ஏறும் என்று யாரோ மேலிடத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆக, எல்லையைக் கட்டியாகிவிட்டது. அதைப் பயன்படுத்தத்தான் கட்டுப்படியாகவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் லாரிகள் வாசலைத் தாண்டி நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடும். சில ஓட்டுநர்கள் போகிற போக்கில் மெர்வினுக்கு ஒரு ஹாரன் அடிப்பார்கள். அவரும் கையை உயர்த்துவார். அவருடைய அன்றைய பேச்சுவார்த்தை அநேகமாக அவ்வளவுதான்.

மெர்வினுக்கு அறுபதை நெருங்குகிற வயது. முன்பு இதே துறைமுகத்தில் லாரிகளுக்குக் கப்பல் சீட்டுக் கிழிக்கிற சாளரத்தில் இருந்தார்; இப்போது இந்த நிலையத்துக்கு மேலாளர். மனைவி மோரீன் ஒரு வசந்த காலத்தில் தன் அக்காவோடு இருக்கப் போனார், சண்டையில்லை, சச்சரவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார் என்கிற மாதிரி நடந்த காரியம். மெர்வின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்றுகூட விசாரித்தார். யாருடைய மனத்தையும் நோகடித்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். முடிவெட்டுகிறவர் காதுக்கு மேலே வழித்து எடுத்துவிட்டாலும், கண்ணாடியைப் பார்த்து "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒரு பவுண்டும் வைத்துவிட்டு, போகிற வழியில் தொப்பி வாங்கிக்கொண்டு போகிற ரகம். நம் நாட்டில் அந்த ரகம்தான் அதிகம். தொப்பிக் கடைகள் அப்படித்தான் பிழைக்கின்றன.

கட்டடம் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் வராத குதிரைக்கு வாராவாரம் புது வைக்கோல் பரப்புவார். கிருமி போகக் காலை நனைப்பதற்கென்று வைத்த, யாரும் மிதிக்காத மருந்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது கலந்து வைப்பார். வெறும் குளிர் அறைக்குள் போய், வெறுமை சரியான குளிரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். மதியம் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார். பெரிய கூடம் அது. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைகிற விளக்குகளைப் போட்டிருந்தார்கள், மின்சாரம் மிச்சமாம். ஒற்றை ஆளாக உட்கார்ந்து மெல்லுகிற அசைவு அந்த விளக்குகளுக்குப் போதவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் இருட்டிவிடும். மெர்வின் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, தூரத்தில் போகிற யாரையோ கூப்பிடுகிறவர் போல ஆட்டுவார். வெளிச்சம் வரும். மறுபடி சாப்பிடுவார்.

ரோசியோ இருந்தபோது விளக்கு அணைந்ததே இல்லை.

ரோசியோ கால்நடை மருத்துவர். ஸ்பெயின்காரி. ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய மருத்துவர்களை ஐரோப்பாவிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது; நம் பிள்ளைகள் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு நாய்க்குட்டிக்குப் பல் தேய்த்துவிடப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு இறைச்சிக்கூடத்து நாற்றம் ஆகாது. வந்த நாளிலிருந்து அவளுக்கும் வேலை இல்லை. ஆனால் அவள் சும்மா இருக்கமாட்டாள். பேச ஆரம்பித்தால் இரண்டு கையும் சேர்ந்து பேசும். கூடத்து விளக்குகள் அத்தனையும் பளிச்சென்று எரியும்.

"ஆறு வருஷம் படிச்சேன்," என்பாள். "இங்க வந்து நான் சோதிச்ச ஒரே மிருகம் உங்க சாண்ட்விச்சுல இருக்கற பன்னிதான்."

"தேறுமா டாக்டர்?"

"ரொம்ப நாள் முன்னாடியே போயிடுச்சு. ஆழ்ந்த அனுதாபம்."

அவள் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுத் தடியாக ஒரு அடை மாதிரி செய்து கொண்டுவருவாள். பாதியை வெட்டி அவர் தட்டில் வைப்பாள். வேண்டாம் என்று மெர்வின் மூன்று தடவை சொல்வார். இங்கே அது மரியாதை. அவள் ஊரில் மூன்று தடவை வேண்டாமென்றால் வேண்டாமென்றே அர்த்தமாம். அப்படி ஒரு நாள் திருப்பி எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மெர்வின் ஒரே தடவைதான் வேண்டாமென்றார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய துணிச்சல்களில் அது ஒன்று.

சோதனையை இன்னொரு முறை தள்ளிவைத்தபோது, அவளுடைய ஒப்பந்தத்தை கவுன்சில் நீட்டிக்கவில்லை. போகிற அன்று பெட்டியோடு வாசலில் நின்று அந்தப் பெரிய கதவுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"இது ஒரு நாள் நிஜமாவே திறந்துச்சுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துடறேன். அங்க எனக்கு என்ன இருக்கு, அம்மாவும் ரெண்டு பூனையும்."

"நிஜமாவா வருவீங்க?"

"நான் இங்கிலீஷ்காரி இல்ல. வர்றேன்னு சொன்னா வருவேன்."

அவளுடைய தொலைபேசி எண்ணை மெர்வின் வைத்திருந்தார். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கதவு திறக்கவில்லையே, என்னவென்று சொல்வது? ஆனால் கதவு திறந்தாக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவருக்குள் ஒரு நோய் மாதிரி பிடித்துக்கொண்டது. நாட்டின் மானத்துக்காக அல்ல. எதிர் நாற்காலிக்காக.

கவுன்சில் தலைவி திருமதி விண்டர்போர்னிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். முத்துமாலையும் மழைக்கோட்டுமாக எங்கே போனாலும் திறப்பு விழாவுக்கு வந்தவர் போலவே இருக்கும் அம்மாள் அவர்.

"வண்டியே வராத இடத்துக்கு மருத்துவர் எதுக்கு, மெர்வின்?"

"மருத்துவர் இல்லாத இடத்துக்கு வண்டி எப்படி மேடம் வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அம்மாள், எதைச் சொன்னார் என்று விளங்காமலே.

இந்த நிலையில்தான் இணை அமைச்சர் வருகிறார் என்று தகவல் வந்தது. கட்டடத்தைப் பராமரிக்க லண்டன் பணம் தருமா, அல்லது இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் ஆக்குவதா என்று பார்த்துப்போக வருகிறார். அந்தப் பதவிக்கு அந்த வருஷம் வந்த மூன்றாவது ஆள் அவர். வரவேற்புப் பதாகையில் இரண்டு தடவை பெயரை மாற்றி அடித்த அம்மாள், மூன்றாவது தடவை "அமைச்சர் அவர்களே வருக" என்று மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார்.

"வெறுங்கட்டடத்தைக் காட்டினா இடிச்சுடுவாங்க," என்றார் அம்மாள். "ஒரு வண்டியைச் சோதிச்சுக் காட்டணும். நிஜச் சரக்கு. பிரான்ஸ்லேர்ந்து டிப்பெட் மளிகைக் கடைக்கு வர்ற வண்டியை இங்க திருப்பிவிடச் சொல்லிட்டேன். சீஸ், சாசேஜ், ஹாம். இந்த வாசல்ல உள்ள வரும், நீங்க சோதிக்கறீங்க, அந்தப் பக்கமா வெளிய வந்து நேரா சாப்பாட்டு மேஜைக்குப் போகுது. அமைச்சருக்கு அதுதான் மதியச் சாப்பாடு. புரியுதா? கடல் தாண்டி, நம்ம சோதனையில தேறி, அவர் தட்டுல விழுது. படம் எடுக்க எவ்வளவு அழகா இருக்கும்."

"தனியா சாப்பாட்டுக்குச் செலவும் இல்ல."

"அதுவும்தான்."

"சோதனைக்கு மருத்துவர் வேணுமே மேடம்."

"நீங்க பெட்டியைத் திறங்க, குளிர்ச்சி பாருங்க, காகிதத்தைப் பாருங்க, தலையாட்டுங்க. தலையாட்ட மருத்துவர் எதுக்கு?"

மெர்வின் தலையாட்டினார்.

அமைச்சர் வந்த அன்று தூறல். நகரத்தின் மளிகைப் பிரபுவான பார்னபி டிப்பெட், முன்னதாகவே வந்து வண்டிக்குப் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"என்னப்பா மெர்வின், முகத்துல கல்யாணக் களை. இன்னிக்காவது யாராவது உன்னைப் பார்க்க வர்றாங்களா?"

"வண்டி நல்லபடியா வந்துச்சா?"

"அதை ஏன் கேக்கறே. முன்னெல்லாம் என் கடைக்குன்னே ஒரு வண்டி வரும். ராத்திரி போன் பண்ணினா நாளன்னிக்கு சீஸ். இப்ப பெட்டிக்குப் பெட்டி அங்க ஒருத்தன் கையெழுத்து, இங்க ஒருத்தன் கையெழுத்து. கையெழுத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்துலதான் சீஸ் வாங்கறேன். தனி வண்டிக்குக் கட்டுமா? ஆறு கடைக்காரங்க சேர்ந்து ஒரே வண்டியில ஏத்திக்கறோம், அகதிங்க மாதிரி. எவன் பெட்டி எவன் பெட்டின்னு இறக்கினாத்தான் தெரியுது."

"நீதானே அப்ப கடை வாசல்ல கொடி கட்டினே, ஐரோப்பாவை விட்டு வெளிய வரணும்னு?"

டிப்பெட் வானத்தைப் பார்த்தார். "தூறல் விடாது போல இருக்கே," என்றார்.

அமைச்சர் இளைஞர். புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்; அதில் கடை ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் இரண்டு பேர், கவுன்சில் ஆட்கள் ஒரு கும்பல். எல்லாருக்கும் பசி. அமைச்சரோடு சாப்பிடப் போகிறோம் என்று காலையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அமைச்சர் கட்டடத்தின் முன்னால் நின்று, இறையாண்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். வெளியே நிஜமான லாரிகள் அந்தப் பேச்சைச் சத்தத்தில் அமுக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அம்மாள் கண்ணால் சைகை காட்ட, கதவு மேலே ஏறியது. அந்தக் கதவு வேலைக்கென்று ஏறியது அதுதான் முதல் தடவை.

முதல் பெட்டி சீஸ். குளிர்ச்சி சரி, காகிதம் சரி. அடுத்தது ஹாம். சரி. புகைப்படக்காரர் படம் எடுத்தார். மூன்றாவது பெட்டி சாசேஜ். காகிதத்தில் செய்தவர் பெயர் லமூரூ என்று இருந்தது. பெட்டியில் கெர்வாடெக் என்று இருந்தது. மெர்வின் மறுபடி காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

டிப்பெட் அவர் காதருகே குனிந்தார். "ஏத்தும்போது மாறியிருக்கும்ப்பா. அந்தக் கெர்வாடெக் பெட்டி ஆறு பேர்ல எவனோடதோ. சாசேஜ் சாசேஜ்தானே, விடு."

அம்மாள் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், பல்லிடுக்கு வழியாகச் சொன்னார்: "மெர்வின். தலையாட்டுங்க."

தலையாட்டியிருப்பார். வாழ்நாள் முழுக்க ஆட்டிய தலைதானே. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒன்று தோன்றியது. இன்றைக்கு என் தலையாட்டலே போதும் என்று இவர்கள் கண்டுவிட்டால், நாளைக்கு இந்த வாசலுக்கு என்னைத் தவிர வேறு யாரும் வேண்டியிருக்காது. கட்டடம் நிற்கும். விளக்கு எரியும், அணையும். நான் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆட்டாமல் விட்டால்தான் ஒரு மருத்துவர் தேவைப்படுவார்.

"ஒத்துப்போகலை, ஐயா," என்றார் அமைச்சரிடம்.

"என்னது?"

"பெட்டியில ஒரு பேரு, காகிதத்துல ஒரு பேரு. ஒண்ணு சரியில்லன்னா மொத்த வண்டியையும் நிறுத்தணும். இதுல முடிவு சொல்ல மருத்துவர்தான் வரணும். எனக்கு அதிகாரம் இல்லை."

சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்கு முன், சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். தினமும் துடைத்து வைத்த பொத்தான், அமுக்கியது இல்லை. பெட்டிகள் இருந்த பட்டை ஓட ஆரம்பித்து, மதியச் சாப்பாடு முழுவதும் குளிர் அறைக்குள் போய், இரும்புக் கதவு இறங்கி, முத்திரை விழுந்தது.

கும்பலில் ஒரு வயிறு மட்டும் பேசியது. யாருடையது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயாவுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை," என்று ஆரம்பித்தார் அம்மாள். அவர் முகம் முத்துமாலையின் நிறத்துக்கு வந்திருந்தது.

ஆனால் அமைச்சர் ஆன ஒருவர், எந்தச் சேற்றில் விழுந்தாலும் அதைக் குளமென்று சொல்லத் தெரிந்தவராகத்தான் இருப்பார். பத்திரிகைக்காரர்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெர்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் நாம வெளிய வந்தோம். அமைச்சர் சாப்பாடா இருந்தாலும் சரி, பேரு ஒத்துப்போகலைன்னா உள்ள விடமாட்டார். இந்த மாதிரி மனுஷன் கையிலதான் எல்லை இருக்கணும். பசியோட நிக்கறோமே, இதுதாங்க இறையாண்மை."

கைதட்டினார்கள். பசியில் தட்டிய கைதட்டல், சீக்கிரம் முடிந்தது. எல்லாரும் உணவுக்கூடத்துக்கு நகர்ந்தார்கள். அங்கே காசு போட்டால் உருளைக்கிழங்கு வறுவல் தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. அமைச்சருக்கு வினிகர் போட்டது கிடைத்தது. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் வரிசையில் நகர்ந்ததில் கூடம் முழுக்க வெளிச்சம். மெர்வின் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"சரி, மருத்துவர் யாரு?" என்றார் அமைச்சர் வாய் நிறைய வறுவலோடு. "உடனே வேலைக்கு வைங்க. சம்பளம் எங்க இலாகா கொடுக்கும். இதை நான் இன்னிக்கே அறிவிக்கறேன்."

மெர்வின் எழுந்து நின்றார். "ஏற்கனவே இருந்தவங்க ஒருத்தர் இருக்காங்க, ஐயா. டாக்டர் ரோசியோ. கூப்பிட்டா வருவாங்க. கண்டிப்பா வருவாங்க. சொல்லியிருக்காங்க."

டிப்பெட் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்குக் கிண்டலை மறந்துவிட்டார்.

"எண்ணைக் கொடுங்க," என்றார் அம்மாள். நல்லது நடக்கும்போது அதைத் தன் கையால் நடத்தி வைக்க வேண்டும் அவருக்கு. எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, கைபேசியை மேஜை நடுவில் வைத்தார். மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் லாரிகள் உறுமுகிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். ஒரு பெரிய துறைமுகம் வேலை செய்துகொண்டிருந்தது.

"டாக்டர் ரோசியோவா? சால்ட்மவுத் கவுன்சில்லேர்ந்து பேசறேன். எங்க சோதனை நிலையம் திறந்தாச்சும்மா. அமைச்சரே இங்க இருக்கார். நீங்க திரும்பி வரணும்."

"திறந்துட்டீங்களா?" அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. மெர்வின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என்னை யாரு ஞாபகம் வெச்சிருந்தது?"

"மெர்வின்தான். எங்க மேலாளர் மெர்வின் ஆட்டவே."

"யாரு?"

"மெர்வின்."

"அப்படி யாரும் அங்க இல்லியே. என்கூட இருந்தது ஒரே ஒருத்தர். டெரெக். அவர் சொல்லி அனுப்பினா வர்றேன்னு சொல்லியிருந்தேன். டெரெக் இருக்காரா? கூப்பிடுங்களேன்."

அம்மாள் கைபேசியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "மெர்வின், இங்க டெரெக்னு யாராவது இருந்தாங்களா?"

அமைச்சர் வறுவலை வாய்க்குக் கொண்டுபோன கையோடு திரும்பிப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் பார்த்தார்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வண்டிச் சாப்பாட்டையும் பூட்டிவிட்டு வந்த மனிதரை, அத்தனை பேரும் மரியாதையோடு பார்த்தார்கள்.

"இருந்தார், மேடம்," என்றார் மெர்வின். "போயிட்டார்."

"அவர் போயிட்டாராம்மா."

"அப்படியா," என்றாள் ரோசியோ. "சொல்லவே இல்லையே. நல்ல மனுஷன். சரி, அவர் இல்லாம எனக்கு அங்க என்ன வேலை. இங்க எங்க துறைமுகச் சோதனையில உங்க ஊர் வண்டிங்கதான் வரிசையா நிக்குது, ஒரு காகிதமும் சரியில்ல. வெச்சுடறேன்."

முதல் நாள் மெர்வினுக்குக் கொடுத்த சீருடை, வேலைக்குச் சேராமலே போன டெரெக் என்பவருக்காகத் தைத்தது. நெஞ்சில் பெயரும் தைத்திருந்தது; அவருக்கென்று புதுச் சீருடை வந்தது அவள் போன பிறகுதான். ரோசியோ அதைப் படித்துத்தான் அவரைக் கூப்பிட்டாள். திருத்தினால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, அவள் இருந்த பதினான்கு மாதமும் அவர் திருத்தவில்லை.